மழையைச் செய்து மண்ணை அளத்தல்

ஒரு துண்டு நிலத்தின் மீது வேண்டிய நேரத்தில், வேண்டிய வேகத்தில், வேண்டிய அளவு மழையைப் பெய்விக்கும் அமைப்பே மழைப்பொழிவுக் கருவி. மேகத்தில் உப்பைத் தூவி வரவழைக்கப் பார்க்கும் ‘செயற்கை மழை’க்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே மேகமே கிடையாது. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, குழாய்கள், சில நாசில்கள், அவற்றைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். பெய்த நீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு மேலாக வழிந்தோடியது, வழிந்த நீர் எவ்வளவு மண்ணை அள்ளிப்போனது என்ற மூன்று கேள்விகளுக்கு அதைக்கொண்டு விடை தேடுகிறார்கள்.

இயற்கை மழையிலேயே இவற்றை அளக்கலாம். நெடுங்காலம் அப்படித்தான் அளந்தார்கள். 1917இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் எம். எஃப். மில்லர் சரிவான நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் தொட்டி வைத்து, வழிந்த நீரையும் அதோடு வந்த மண்ணையும் அளக்கத் தொடங்கினார். இப்படிப்பட்ட பாத்திகளுக்குப் பிற்காலத்தில் 22.13 மீட்டர் என்றொரு விசித்திரமான நீளம் நிலைபெற்றது. இதில் அறிவியல் மர்மம் ஒன்றுமில்லை. 6 அடி அகலமும் 72.6 அடி நீளமும் கொண்ட பாத்தி சரியாக ஓர் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. கணக்குப் போடுகிறவருக்கு வசதி. வசதியில்லாதது மழைதான். ஓர் ஆண்டின் மண்ணிழப்பில் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெருமழைகளில் முடிந்துவிடும். அந்த மழைகள் உழுத மறுநாளும் வரலாம், பயிர் மூடிய பிறகும் வரலாம், வராமலும் போகலாம். ஒரு மழையைப் போல இன்னொரு மழை பெய்வதில்லை. நம்பத்தகுந்த சராசரி கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரு வகை உழவு முறைகளை ஒரே மழையில் ஒப்பிட்டு அடுத்த மாதமே விடை சொல்ல வேண்டுமென்றால் மழையைச் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தொடக்கத்தில் இது பூவாளியால் தண்ணீர் ஊற்றும் அளவிலேயே இருந்தது. நீரின் அளவு சரியாக இருந்தால் போதும், துளி எப்படி விழுந்தால் என்ன என்ற எண்ணமே அதற்குக் காரணம். மண்ணை அரிப்பது ஓடும் நீர் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் எவால்டு வோல்னி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிறு பாத்திகளில் சோதித்து, மழைத்துளியின் மோதலையும் செடிகளின் மறைப்பையும் கவனித்திருந்தார். அது பரவலாகக் கவனம் பெறவில்லை. 1940களில் ஓஹாயோ மாநிலத்தின் கோஷாக்டனில் டபிள்யூ. டி. எல்லிசன் செய்த சோதனைகளே நோக்கைத் திருப்பின. துளி விழுந்த இடத்தில் மண் நாலாபக்கமும் தெறிக்கிறது. சரிவான நிலத்தில் மேல்நோக்கித் தெறிப்பதைவிடக் கீழ்நோக்கித் தெறிப்பது அதிகம். மண்கட்டியை உடைத்து நீர் தூக்கிச்செல்ல ஏதுவாகத் துகளாக்கித் தருவதும் துளியே என்று அவர் காட்டினார்.

இதை இன்னும் எளிமையாக, கருவி எதுவும் இல்லாமல் நிறுவியவர் நார்மன் ஹட்சன். 1950களில், இன்றைய ஜிம்பாப்வேயின் ஹென்டர்சன் ஆய்வு நிலையத்தில், ஒரே மாதிரியான இரண்டு பாத்திகளைக் களையெடுத்து வெறும் மண்ணாக வைத்தார். ஒன்றின் மேல், தரையைத் தொடாமல், கொசுவலை போன்ற மெல்லிய வலையை விரித்தார். வலை மழைநீரைத் தடுக்காது; துளியை உடைத்து, அதன் வேகத்தைப் பறித்து, பொடித் தூறலாகக் கீழே விடும். சரிவு, மண், மழை எல்லாம் ஒன்று. துளியின் அடி மட்டும் வேறு. வலையில்லாத பாத்தியில் போன மண் வலையுள்ள பாத்தியில் போனதைவிட நூறு மடங்குக்கு மேல். மண் அரிப்பு ஆய்வில் இத்தனை குறைந்த செலவில் இத்தனை தெளிவான விடை தந்த சோதனை வேறொன்றைச் சொல்வது கடினம்.

துளியின் அடிதான் முக்கியம் என்றால் துளியை அளந்தாக வேண்டும். பனித்துகள்களின் நிழற்படங்களுக்காகப் பெயர்பெற்ற வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1904இலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். தட்டில் சலித்த மாவைப் பரப்பி ஒரு கணம் மழையில் நீட்டினால், ஒவ்வொரு துளியும் மாவைத் திரட்டி ஓர் உருண்டையாகும். காயவைத்துச் சலித்தால் சிறிதும் பெரிதுமாகப் பிரிந்துவிடும். 1943இல் லாஸ், பார்சன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதே முறையால், மழை வலுக்க வலுக்கத் துளிகளின் பருமனும் கூடுவதை அளவோடு காட்டினார்கள். துளி விழும் வேகத்தை லாஸ் அதற்கு முன்பே, 1941இல், அளந்து முடித்திருந்தார். 1 மில்லிமீட்டர் துளி வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 3 மில்லிமீட்டர் துளி சுமார் 8 மீட்டர் வேகத்தில். 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டரைக் கடந்து. சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளி காற்றிலேயே சிதறிவிடும். 3 மில்லிமீட்டர் துளியின் நிறை 1 மில்லிமீட்டர் துளியைப் போல் 27 மடங்கு. வேகம் இரு மடங்கு என்பதால் ஆற்றல் இன்னொரு நான்கு மடங்கு. ஆக ஒரு பெருமழைத்துளியின் அடி நூற்றுக்கும் மேற்பட்ட தூறல் துளிகளின் அடிக்குச் சமம். சாரல் நாளெல்லாம் பெய்தும் ஓடை கலங்காமல் இருப்பதும், கோடைமழை அரைமணி நேரத்தில் செந்நீராக ஓடுவதும் இதனால்தான்.

கருவி செய்கிறவரின் தலைவலி இங்கே தொடங்குகிறது. துளியை முழு வேகத்தில் விழவைக்க உயரம் வேண்டும். 5 மில்லிமீட்டர் துளி தன் முற்றுத் திசைவேகத்தை நெருங்கவே 8 மீட்டருக்கு மேல் விழ வேண்டும். வயலில் 2 மீட்டர் சட்டத்திலிருந்து சொட்டவிட்டால் 3 மில்லிமீட்டர் துளி வினாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தோடு முடிந்துவிடும். அதன் அடியில் பாதிகூடத் தேறாது. உயரமான கோபுரம் கட்டலாம், ஆனால் அதை வயல் வயலாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எல்லிசன் காலத்துக் கருவிகளில் கோழிவலைக் கம்பியின் கண்களில் மஸ்லின் துணியைக் குழித்து, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு நூலைத் தொங்கவிட்டு, நூல்முனையில் துளி திரளச் செய்தார்கள். பிற்காலத்தில் நூலுக்குப் பதில் நுண்குழாய்கள் வந்தன. இந்த வகையில் துளியின் பருமன் கைக்குள் இருக்கும். ஆனால் எல்லாத் துளியும் ஒரே பருமன், பரப்போ சிறிது.

மற்றொரு வழி நாசில். அழுத்தத்தோடு கீழ்நோக்கிப் பீய்ச்சினால் துளிக்குத் தொடக்கத்திலேயே வேகம் கிடைத்துவிடும். உயரம் குறைவாக இருந்தாலும் ஈடுகட்டலாம். இதில் வேறொரு சிக்கல். பெரிய துளி வேண்டுமென்றால் நாசிலின் வாய் அகலமாக இருக்க வேண்டும். வாய் அகலமானால் எந்த நாட்டிலும் பெய்யாத அளவுக்குத் தண்ணீர் கொட்டும். வாயைச் சிறிதாக்கினால் மழையின் அளவு சரியாகும், துளி பனிமூட்டமாகிவிடும். 1958இல் இந்தியானா மாநிலத்தில் எல். டி. மேயரும் டி. எல். மெக்கியூனும் வடிவமைத்த ‘ரெய்னுலேட்டர்’ இந்தச் சிக்கலை ஒரு தந்திரத்தால் அவிழ்த்தது. அகன்ற வாய் நாசில்களைச் சுமார் 2.4 மீட்டர் உயரத்தில் வைத்து முன்னும் பின்னும் நகரவிட்டார்கள். பாத்தியின் எந்த ஓர் இடத்திலும் மழை விட்டு விட்டு விழும். சராசரி அளவு இயல்புக்கு வந்துவிடும், துளியும் பெரிதாகவே இருக்கும். கனமழையின் ஆற்றலில் சுமார் 80 விழுக்காட்டை அது எட்டியது. இன்றைக்கும் ஆடும் நாசில், சுழலும் தட்டு, சோலினாய்டு வால்வு என்று உருவம் மாறினாலும் கணத்துக்குக் கணம் மழையை நிறுத்தித் திறக்கும் உத்தி அதுவேதான்.

மழை சீராக விழுகிறதா என்பது அடுத்த கேள்வி. பாத்தி முழுக்கச் சிறு டப்பாக்களைக் கட்டம் கட்டமாக வைத்து ஓட்டிப்பார்ப்பார்கள். ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக்கொண்டு ஒரு விழுக்காடு கணக்கிடுவார்கள். தெளிப்புப் பாசனத்துக்காக ஜே. இ. கிறிஸ்டியன்சன் 1942இல் வகுத்த குணகம் இது. 80க்கு மேல் இருந்தால் ஏற்கத்தக்கது என்பது வழக்கம்.

வயலில் ஒரு சோதனை நடக்கும் விதத்தை 1 சதுர மீட்டர் பாத்தியை வைத்துப் பார்க்கலாம். மூன்று பக்கமும் தகடுகளை மண்ணுக்குள் தட்டி இறக்குவார்கள்; கீழ்ப்பக்கம் ஒரு தகரக் காடி, அதன் வாய்க்கு நேரே குழி தோண்டி வைத்த பாட்டில். காற்று மழையைக் கலைக்காமலிருக்கச் சுற்றிலும் படுதா. முதலில் பாத்தியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கருவியை ஓடவிட்டு அழுத்தம் நிலைப்பட்டதும் தாளை உருவுவார்கள். கடிகாரம் அங்கே தொடங்கும். முதல் சில நிமிடங்களில் ஒன்றும் நடக்காது. மண் நிறம் கறுத்து, பெய்ததையெல்லாம் குடித்துக்கொண்டிருக்கும். பிறகு சின்னக் குழிகளில் மினுமினுப்பு தெரியும், அவை நிறைந்து ஒன்றோடொன்று சேரும், குமிழிகள் மிதக்கும், காடியில் நூல்போல ஒரு கலங்கல் இறங்கும். அந்த நொடியைக் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் நிமிடத்துக்கு ஒரு பாட்டில். பாட்டில்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், 105 டிகிரி அடுப்பில் நீர் வற்றி, மிஞ்சிய மண் எடைபோடப்படும்.

கணக்கு எளிது. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 1 லிட்டர் விழும். நிமிடத்துக்கு 400 மில்லி வழிகிறது என்று வைத்துக்கொண்டால் 600 மில்லி உள்ளே போகிறது. அதாவது மண் நீரை உறிஞ்சும் வேகம் மணிக்கு 36 மில்லிமீட்டர். வழியும் நீரில் லிட்டருக்கு 12 கிராம் மண் இருந்தால் நிமிடத்துக்கு 4.8 கிராம், மணிக்கு 288 கிராம் இழப்பு. ஒரே பாத்தியில் முதல் நாள் காய்ந்த மண்ணில் ஒரு மணி நேரம், மறுநாள் ஈரமண்ணில் அரைமணி, சிறிது இடைவெளி விட்டு நீர் தேங்கிய மண்ணில் மீண்டும் அரைமணி என மூன்று முறை பெய்விப்பது பழைய அமெரிக்க மரபு. காய்ந்த மண்ணில் கிடைக்கும் முதல் விடை முந்தைய வாரத்தின் வெயிலையும் சேர்த்தே சொல்லும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் இரு இடங்களை ஒப்பிட ஏற்றவை.

இந்தக் கருவிகள் சொல்லித்தந்தவற்றுள் வேளாண்மைக்கு மிக நெருக்கமானது, மழைக்குப்பின் மண்மேல் படியும் கெட்டித் தோலான பொருக்கின் கதை. காட்டை எரித்தால் வழிந்தோட்டம் ஏன் பெருகுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் வால்டர் லோடர்மில்க் மண் நிரப்பிய தொட்டிகளில் சோதித்து 1930இல் வெளியிட்டார். சருகு நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது என்பதே அதுவரை சொல்லப்பட்ட காரணம். சருகு குடிக்கும் நீர் சொற்பம். துளி மண்ணைக் கலக்காமல் அது காப்பதால் தெளிந்த நீர் உள்ளே இறங்குகிறது. சருகு போனால் கலங்கல் நீரிலுள்ள நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன என்று அவர் கண்டார். 1958இல் மெக்கின்டயர் என்ற ஆய்வாளர் பொருக்கையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மேலே 0.1 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தோல். அதன் கீழே துகள்கள் அடைந்த ஓர் அடுக்கு. அடைந்த அடுக்கு நீரை விடும் வேகம் அடிமண்ணில் இருநூறில் ஒரு பங்கு, தோலினுடையது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தாளின் கனமுள்ள தோல் வயல் முழுவதன் நீர்க்கணக்கை முடிவுசெய்கிறது. மானாவாரிச் செம்மண் நிலத்தில் விதைத்த மறுநாள் அடித்த மழை காய்ந்ததும் பொருக்குத் தட்டி, முளை முட்டி வெளிவர முடியாமல் போவதை விவசாயிகள் அறிவார்கள். அதே பொருக்குதான் அடுத்த மழையை உள்ளே விடாமல் வரப்புக்குத் துரத்துகிறது. மூடாக்கு போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் ஒரே போலிமழையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது முன்னதன் பாட்டிலில் தேநீர் நிறமும் பின்னதில் குழம்பும் தெரிவது இதனால்தான்.

இஸ்ரேலில் ஜே. மோரினும் உடன் ஆய்ந்தவர்களும் 1967இல் செய்த சுழல்தட்டுக் கருவி இந்த ஆராய்ச்சியை வேதியியல் பக்கம் நகர்த்தியது. பொருக்கு உருவாவதற்குத் துளியின் அடி மட்டும் காரணமல்ல. மழைநீரில் உப்பு அநேகமாக இல்லாததால் களித்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து துளைகளில் போய் அடைகின்றன. நீரில் சிறிது உப்பு இருந்தால் அவை திரண்டே இருக்கும் என்று 1980களில் அங்கே விளக்கினார்கள். மண்மேல் ஜிப்சம் தூவினால் வழிந்தோட்டம் குறைவது இந்தக் காரணத்தால். இதிலிருந்து கருவி வைத்திருப்போருக்கு ஒரு கசப்பான பாடமும் கிடைத்தது. பக்கத்துக் கிணற்றின் கடினநீரை ஏற்றிப் பெய்வித்தால் அதிலுள்ள கால்சியமே மண்ணைக் காப்பாற்றிவிடும். நல்ல மழையைத் தாங்காத மண் ஆய்வேட்டில் தாங்கும் மண்ணாகப் பதிவாகும். உப்பு நீக்கிய நீரையோ சேமித்த மழைநீரையோ லாரியில் கொண்டுவருவது ஆடம்பரமல்ல.

மண்ணிழப்பைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் சமன்பாடு வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும் 1965இல் கையேடாக வெளியிட்டது. மழையின் வலு, மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர் மறைப்பு, காப்புமுறை ஆகியவற்றைப் பெருக்கி ஆண்டுச் சராசரியைச் சொல்வது அது. அதன் அடித்தளம் இயற்கை மழைப் பாத்திகளின் பதிவுகள். ஆனால் மண்ணின் அரிபடும் தன்மையை எல்லா மண்ணுக்கும் பாத்தி வெட்டி அளந்துகொண்டிருக்க முடியாது. விஷ்மையரும் மேனரிங்கும் அமெரிக்க மக்காச்சோள மாநிலங்களின் 55 மண்வகைகள்மீது ரெய்னுலேட்டரைக் கொண்டு மழை பெய்வித்து 1969இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிலிருந்து 1971இல் ஒரு வரைபடம் பிறந்தது. வண்டலும் மென்மணலும் எவ்வளவு, மணல் எவ்வளவு, மக்கு எவ்வளவு, மண்ணின் கட்டமைப்பு என்ன, நீர் இறங்கும் வேகம் என்ன என்று கேட்டு அரிபடும் தன்மையை அது சொல்லிவிடும். மிக எளிதாக அரிபடுவது மணலுமல்ல, களியுமல்ல, இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டல் என்பது அந்த வரைபடத்திலேயே தெரியும்: மணல் கனம், களி ஒட்டிக்கொள்ளும், வண்டலுக்கு இரண்டுமில்லை.

அந்தச் சமன்பாடு மக்காச்சோள மாநிலங்களுக்கு வெளியே கொண்டுபோனபோது தடுமாறியது. மேய்ச்சல் நிலத்தில் எது மண்ணைக் காக்கிறது என்பதை அரிசோனாவின் வால்நட் கல்ச் படுகையில் சுழல்கைக் கருவியால் சோதித்தார்கள். ஒரு பாத்தியை அப்படியே விட்டு, இன்னொன்றில் செடிகளை மட்டும் வெட்டி, மூன்றாவதில் தரையில் பாவியிருந்த கற்களையும் அகற்றினார்கள். செடியை வெட்டியதால் பெரிய மாற்றமில்லை. கல்லை எடுத்தபோதுதான் மண்ணிழப்பு எகிறியது. பச்சையைப் பார்த்து நிலத்தின் நலத்தை மதிப்பிடும் கண்ணுக்கு இது எதிர்பாராத விடை.

துளியின் ஆட்சி பாத்தி சிறிதாக இருக்கும்வரைதான். நீர் ஓடத் தொடங்கிச் சிற்றோடைகளாகக் கீறும்போது ஓடும் நீரின் உரசலே மேலோங்கும். 1 மீட்டர் பாத்தியில் அதற்கு இடமில்லை. 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவில் புதிய கணிப்பு மாதிரிக்காக 30க்கும் மேற்பட்ட பயிர்நில மண்வகைகளைச் சோதித்தவர்கள் இதற்காக மழையோடு சேர்த்து ஓடைக்கீறலின் தலைப்பில் குழாய்நீரையும் விட்டார்கள். மேலே நூறு மீட்டர் சரிவு இருப்பதாக மண்ணை நம்பவைக்கும் ஏற்பாடு அது.

மண்ணோடு என்ன போகிறது என்ற கேள்வியும் உண்டு. வயலில் இட்ட எருவிலிருந்து பாஸ்பரஸ் ஏரிகளுக்குப் போய் நீர்ப்பாசி பெருகுவதை ஆராய, அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரே வடிவக் கருவி, ஒரே நெறிமுறை என்று ஒப்புக்கொண்டு வேலைசெய்தார்கள்: 3 மீட்டர் உயரத்தில் ஒரு நாசில், மணிக்கு 70 மில்லிமீட்டர், 1.5 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தி, வழிவு தொடங்கியபின் 30 நிமிடம். அந்த அரைமணியில் பாத்திமேல் விழுவது 105 லிட்டர்.

எல்லோரும் ஒரே கருவி என்ற அந்த ஒழுங்கு அபூர்வம். ஐரோப்பாவின் சிறு கருவிகள் 13ஐ ஒரே அளவுமுறையில் சோதித்து 2013இல் வெளியான ஒப்பீட்டில், மழையின் வேகம் மணிக்கு 37 முதல் 360 மில்லிமீட்டர்வரை சென்றது. சீர்மைக் குணகம் 61 முதல் 98வரை. துளியின் நடுவிட்டம் 0.375 முதல் 6.5 மில்லிமீட்டர்வரை; ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டர்மேல் இறங்கும் ஆற்றல் 25 முதல் 1,322 ஜூல்வரை. எல்லாமே ‘மழை’ என்ற பெயரில். ஒரு கருவிக்குள் இரு பாத்திகளை ஒப்பிடலாம். இரு நாட்டு ஆய்வேடுகளின் எண்களை அருகருகே வைப்பதற்குமுன் கருவிகளின் துளிகளை அருகருகே வைத்தாக வேண்டும்.

சிறியது போதாதென்றால் பெரிதாகச் செய்யலாமே என்ற எண்ணம் ஜப்பானில் ஒரு துயரத்தையும் ஒரு கட்டடத்தையும் தந்தது. 1971 நவம்பர் 11 அன்று கவாசாகி நகரின் இகுதா பூங்காவில், மழையால் மலைச்சரிவு எப்படி இடிகிறது என்பதை நேரில் அளக்க, எரிமலைச் சாம்பல் மண்ணாலான இயற்கைச் சரிவொன்றின்மீது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சரிவு எதிர்பார்த்ததைவிட விரைவாகவும் வெகுதூரத்துக்கும் பாய்ந்தது. ஆய்வாளர்களும் பார்க்க வந்த செய்தியாளர்களுமாக 15 பேர் புதைந்து இறந்தார்கள். 1974இல் சுகுபாவில் ஒரு மாபெரும் மழைக்கூடம் கட்டி முடிக்கப்பட்டது. 44 மீட்டருக்கு 72 மீட்டர் பரப்பு, 16 மீட்டர் உயரத்தில் நாசில்கள். கூடமே தண்டவாளத்தில் நகர்ந்து ஒரு சோதனைக்களத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மணிக்கு 15 முதல் 200 மில்லிமீட்டர்வரை பெய்த அதை, 2014இல் 300 மில்லிமீட்டருக்கு உயர்த்தினார்கள்.

அந்தக் கூடத்திலும் ஒரு படுகை அடங்காது. முன்னர்க் கண்ட 1 சதுர மீட்டரின் 288 கிராமைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்கு 2.88 டன் என்று வரும். கூட்டங்களில் இப்படிப் பெருக்கிய எண்கள் தாராளமாக உலவுகின்றன. பாத்தியின் காடியைக் கடந்த மண் நிலத்தை விட்டே போய்விட்டதாகப் பொருளில்லை. அடுத்த வரப்பிலும் புல்வரிசையிலும் சரிவு தணியும் இடத்திலும் அது படிந்துகொண்டே போகும். இந்தியாவின் மண்ணிழப்பை துருவ நாராயணாவும் ராம் பாபுவும் 1983இல் ஆண்டுக்கு 533.4 கோடி டன், ஹெக்டேருக்கு 16.4 டன் என்று மதிப்பிட்டார்கள். அதில் 29 விழுக்காடு கடலில் சேர்கிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது. மீதி 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில், நிலத்திலேயே கிடக்கிறது.